தலைக்கு 4,200 யென்: இது சமபங்கு அல்ல, பந்தி வஞ்சனை

வெள்ளிக்கிழமை இரவு நடந்தது இது. இன்று செவ்வாய். இன்னும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

டோக்கியோவில் தகதனோபாபா என்பது மாணவர்கள் மொய்க்கும் இடம். வார இறுதி மாலையில் ரயில் நிலையத்தின் முன்னால் உள்ள திடலில் நின்றால், கூட்டம் கூட்டமாக மாணவர்கள் சேர்ந்து, ஒவ்வொரு கூட்டமும் ஓர் இசகாயாவுக்குள் நுழைவதைப் பார்க்கலாம். இசகாயா என்றால் குடித்துக்கொண்டே சிறு தட்டுகளில் கொறிக்கும் கடை. எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒன்பது பேர் போயிருந்தோம். அவர்களில் நான் மட்டும்தான் வெளிநாட்டவன்; நான் மட்டும்தான் சைவம். மது தொடுவதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். என்னுடைய இந்த இரண்டு வழக்கங்களும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

உட்கார்ந்த உடனேயே ஆரம்பித்தது. யாரும் கேட்காமலே ஆளுக்கொரு சிறு கிண்ணம் வந்தது. இதற்கு ஓதோஷி என்று பெயர். உட்கார்ந்ததற்கான கட்டணம் என்றே சொல்லலாம். அந்தக் கடையில் தலைக்கு 400 யென். என் கிண்ணத்தில் முள்ளங்கியோடு வேகவைத்த கணவாய் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. ஆனால் 400 யென் என் கணக்கில் ஏறிவிட்டது.

அடுத்தது நோமிஹோதாய். இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், தலைக்கு 1,800 யென். மேசையில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் விதி. விதிக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. ஒருவர் பணம் கட்டி நான்கு பேர் பகிர்ந்து குடித்துவிட்டால் கடைக்கு நஷ்டம். ஆனால் தேநீர் குடிப்பவனுக்கும் பீர் குடிப்பவனுக்கும் ஒரே விலையா? இரண்டு மணி நேரத்தில் மூன்று கோப்பை ஊலாங் தேநீர் குடித்தேன். ஒரு கோப்பை 600 யென்! சாலையோரத் தானியங்கி இயந்திரத்தில் இருநூறு யென்னுக்குள் ஒரு பாட்டிலே கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். பொரித்த கோழி, சுட்ட கோழி, பச்சை மீன், சுட்ட மீன் என்று தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் தோஃபு, குளிர்ந்ததாக வந்தபோது கையை நீட்டினேன். அதன் மேல் கட்சுவோபுஷி, அதாவது காய்ந்த சூரை மீனின் சீவல், தூவப்பட்டிருந்தது. பொரித்த தோஃபுவின் குழம்பிலும் அதே மீன் சாறு. உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு. இறைச்சி இல்லாமல் ஒரு கீரை சாலட் வேண்டும் என்று பணியாளரிடம் என் ஜப்பானிய மொழியில் தெளிவாகச் சொன்னேன். வந்த சாலட்டில் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சி இருந்தது. கேட்டால், அது இறைச்சிக் கணக்கில் வராது, சுவைக்காகச் சேர்ப்பது என்கிறார்! கடைசியில் எனக்குக் கிடைத்தது எதமாமே என்னும் அவித்த பச்சை சோயா அவரையும், உருளைக்கிழங்கு வறுவலும், கொஞ்சம் முட்டைக்கோசும்.

இந்த நாட்டுக்குச் சைவம் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 675ஆம் ஆண்டிலேயே மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் உண்ணக் கூடாது என்று தென்மு பேரரசர் தடை போட்ட நாடு இது. மெய்ஜி பேரரசர் 1872இல் மாட்டிறைச்சி உண்டது பெரிய செய்தியானது என்றால், அதுவரை இருந்த தயக்கம் எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் மீன் சாறே கிடையாது. கோம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷீட்டாக்கே காளானையும் ஊறவைத்தே அருமையான சாறு எடுக்கிறார்கள். உமாமி என்ற சுவையை 1908இல் இகெதா கிகுனாயே கண்டறிந்ததே அந்தக் கோம்புச் சாற்றிலிருந்துதான், அதுவும் இதே டோக்கியோவில். இத்தனை அறிவும் கைப்பக்குவமும் உள்ள ஊரில், ஒன்பது பேருக்கு இடம் பதிவு செய்யும்போது ஒருவனுக்காக ஒரு தட்டு கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

பிறகு பில் வந்தது. மொத்தம் 37,800 யென். ஏற்பாட்டாளரான நண்பர் செல்பேசியில் ஒன்பதால் வகுத்தார். தலைக்கு 4,200. "வாரிகன்" என்றார் மலர்ந்த முகத்தோடு. சமமாகப் பிரிப்பது என்று பொருள். தனித்தனி பில் தர முடியாது என்று கல்லாவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மாணவர் விசாவில் இருப்பவன் தனி அனுமதி வாங்கி, வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். 2025 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் ஆனது. அந்தக் கூலிதான் எனக்கு. ஒரு கை அவரைக்காயும் மூன்று கோப்பைத் தேநீரும் என்னுடைய மூன்றரை மணி நேர உழைப்பை விழுங்கிவிட்டன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது.

எங்கள் ஊர்ப் பந்தியில் பக்கத்து இலைக்கு வைத்த வடை நமக்கு வராவிட்டால் அதைப் பந்தி வஞ்சனை என்போம். பரிமாறுகிறவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்த மேசையில் எனக்கு நடந்தது வேறு என்ன? எல்லோருக்கும் ஒரே தொகை என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடுமா?

சமமாகப் பிரிப்பது இங்கே மாற்ற முடியாத மரபு என்று வாதிடாதீர்கள். ஏப்ரலில் புதிய மாணவர்களை வரவேற்றபோது, மூத்தவர்கள் கூடுதலாகப் போட்டு, புதியவர்களிடம் ஒரு யென் கூட வாங்கவில்லை. இதைச் சரிவு வைத்துப் பிரிப்பது என்று அவர்களே சொல்கிறார்கள். வயதுக்குச் சரிவு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, குடிக்காதவனுக்குச் சரிவு வைக்க ஏன் தெரியவில்லை?

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். இங்கே "காற்றைப் படிப்பது" என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு கூட்டத்தில் எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று காற்றிலிருந்தே உணர்ந்து நடக்க வேண்டும். அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். ஆனால் எட்டு முகங்கள் சிரித்துக்கொண்டு பணத்தை நீட்டும்போது, 2,000 யென்னுக்காக அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது முறை வைத்துக்கொண்டு கஞ்சியும் மருந்தும் கொண்டுவந்தவர்கள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அந்நியர்கள் செய்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

கடைசி ரயிலுக்கு ஓடும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி முதல் பீரில் நான்கு வாய் குடித்ததும் முகம் சிவந்து, பிறகு வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தாள். மதுவைச் செரிக்கும் நொதி பலவீனமாக இருப்பவர்கள் ஜப்பானியரில் பத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள், அவளும் அப்படித்தான். "எனக்கு முதல் ஆண்டிலிருந்தே இப்படித்தான்" என்றாள் படிக்கட்டில் மூச்சு வாங்கியபடி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நான் இரண்டு ஆண்டுகள் அயலானாக இருந்து விழுங்கியதை, அவள் சொந்த ஊரில், சொந்த மொழியில், ஐந்து ஆண்டுகளாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள். எட்டு முகங்களும் சிரித்தன என்று சொன்னேன் அல்லவா, அவற்றில் அவளுடையதும் ஒன்று. அவளுக்காக நானும் பேசவில்லை. எனக்காக அவளும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்று காலை அழைப்பு வந்துவிட்டது. வேறு கடை, தலைக்கு 4,500 யென். ஏற்பாட்டாளருக்கு நேராகவே எழுதிவிட்டேன்: "வருகிறேன். மது எடுக்காதவர்களுக்குத் தனித் தொகை வேண்டும். மீன் சாறு சேராத இரண்டு தட்டுகளை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்." அனுப்புவதற்கு முன் தோழியிடம் காட்டினேன். "எனக்கு" என்று நான் எழுதியிருந்த இடத்தில் "மது எடுக்காதவர்களுக்கு" என்று திருத்தியவள் அவள்தான்.

படித்துவிட்டார் என்று செல்பேசி காட்டுகிறது. மூன்று மணி நேரமாகப் பதில் இல்லை.