மாக்வாய் வெடிக்கலைன்னு புலம்பறவங்களுக்கு

மாக்வாய்ங்கற ஸ்காட்லாந்து ராக் பேண்ட் பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் யாராவது ஒருத்தர் வந்து "யங் டீம் மாதிரி வருமா, இப்பல்லாம் வெடிக்கவே மாட்டேங்கறாங்க"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. சரிங்க, 1997-ல வந்த அந்த யங் டீம்ங்கற முதல் ஆல்பம் எனக்கும் உயிர்தான். அதுல லைக் ஹெராட்னு ஒரு டிராக், பேஸும் கிட்டாரும் பாட்டுக்கு முணுமுணுத்துக்கிட்டே போகும், சரியா கேக்கலையேன்னு நாம வால்யூமை ஏத்தி வெச்சிருப்போம், மூணு நிமிஷம் நெருங்கறப்ப டிஸ்டார்ஷன், அதான் அந்த கரகர கிட்டார் சத்தம், மொத்தமா மண்டைல வந்து இறங்கும் பாருங்க, ஹெட்ஃபோனைக் கழட்டி எறியத் தோணும். செம. ஆனா இதே வித்தையை எத்தனை ஆல்பத்துக்குக் காட்டறது? இப்ப வெடிக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு அதுல?

இது அந்த கிளாஸ்கோ பசங்களுக்கு ரொம்ப சீக்கிரமே புரிஞ்சிடுச்சுங்கறது என் கருத்து. 1999-ல புரொட்யூசர் டேவ் ஃப்ரிட்மனோட பண்ண ரெண்டாவது ஆல்பத்துலயே சத்தம் பாதியா அடங்கியிருக்கும். 2001-ல ராக் ஆக்‌ஷன்னு அடுத்த ஆல்பம், அதுல வயலின் எல்லாம் வருது, வேல்ஸ் பாடகர் க்ரஃப் ரீஸ் வந்து வெல்ஷ் மொழில பாடிட்டுப் போறாரு. உடனே மென்மையாயிட்டாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, அதே வருஷம் ரெக்கார்டிங் எஞ்சினியர் ஸ்டீவ் அல்பினியோட சேர்ந்து ஒரு யூதப் பிரார்த்தனைப் பாட்டை எடுத்து 20 நிமிஷம் காதைக் கிழிச்சிருக்காங்க. முடியாம அடங்கல, வேணும்னே அடங்கினாங்க.

அப்புறம் படத்துக்கு இசை. இதை யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கென்னமோ திருப்பமே இங்கதான்னு தோணுது. 2006-ல ஃபுட்பால் வீரர் ஜிடான் பத்தின ஆவணப்படம், ஒரே ஒரு மேட்ச், கேமரா முழுக்க அந்த மனுஷன் மேலயே. 2012-ல லே ரெவெனான்னு ஒரு பிரெஞ்சு சீரியல், செத்தவங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பி வர்ற கதை. அங்க போய் கிட்டாரை அலறவிட முடியுமா? பியானோல நாலஞ்சு நோட்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிச்சு வயித்துல புளியைக் கரைக்கறாங்க. வெடிக்காமலே பயமுறுத்தறது எப்படின்னு அங்க கத்துக்கிட்டதுதான் பின்னாடி வந்த ஆல்பம் எல்லாத்துலயும் கேக்குது. (ரேவ் டேப்ஸ் ஆல்பம் மட்டும் எனக்கு ஒட்டவே இல்ல, சின்த், அதான் சின்தசைசர், இருக்கு, உயிர் இல்ல. அடிக்க வராதீங்க.)

இவ்வளவு நிதானமா மாறறதுக்கு சொந்த லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடற கம்பெனி, கைல இருந்ததும் ஒரு காரணம்னு நெனைக்கறேன். 1996-லயே ஆரம்பிச்சு வெச்ச ராக் ஆக்‌ஷன் (லேபிளுக்கும் அந்த ஆல்பம் பேருதான்) மூலமாதான் 2011-லேர்ந்து அவங்க ஆல்பமே பிரிட்டன்ல வருது. பழைய மாதிரியே ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு மேல உக்காந்து நச்சரிக்க ஆள் இல்ல.

2021-ல அதே லேபிள்ல வந்த பத்தாவது ஆல்பம் பிரிட்டன்ல நம்பர் ஒன். கொரோனா நேரம், ஃப்ரிட்மன் அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு ஆன்லைன்லயே புரொட்யூஸ் பண்ணாரு. உடனே கமர்ஷியல் ஆயிட்டாங்கன்னு ஒரு கூட்டம் கெளம்பிச்சு. முழு ஆல்பத்துலயும் வாயைத் திறந்து தெளிவாப் பாடற பாட்டுன்னு பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணே ஒண்ணு, மிச்சமெல்லாம் கிட்டாரும் சின்த்தும் டிரம்ஸும். எந்த ஊர்லங்க இதுக்குப் பேரு கமர்ஷியல்?