பழகிறதுக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தானா?
"வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாலுபேரோடு பழகத் தெரியாது" என்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிப்பதைப் பற்றிய கட்டுரையில், அதை எழுதியவர் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கச் சிரிப்புத்தான் வருகிறது. இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எங்கே பழகுது? பள்ளி விட்டால் ரியூட்டரியில் (தனியார் வகுப்பில்) வாங்கிலே இருப்பு, அங்கே கதைத்தால் ஏச்சு, இருட்டினபிறகு சைக்கிளில் வீடு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் அதே கதிதான். என் தங்கையின் மகன் வீட்டில்தான் படிக்கிறான். பின்னேரம் ஒழுங்கைப் பெடியளோடு கிரிக்கெட், வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம், சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வருகிற எழுபது வயதுக்காரரோடு வாதாட்டம் (சிலவேளை அது எங்களுக்குக் கரைச்சல்). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "வீட்டில் படிக்கிறவன் சோதனை எப்படி எடுப்பான்?" என்று கேட்டிருக்கிறார். பதினோராம் ஆண்டுப் பொதுச் சோதனையான க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பள்ளிக்கூடம் மூலம் இல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம் ஐயா, அது புதுவிசயம் இல்லை. 1995 ஒக்ரோபரில் சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியே கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது மரத்தடியிலும் இரவல் வீட்டு விறாந்தையிலும் இருந்து படித்தவர்கள் இன்றைக்கு நாலுபேரோடு பழகாமலா இருக்கினம்? குறை சொல்லவேண்டிய இடம் வேறு. இரசாயனவியல் பரிசோதனையைக் குசினியில் செய்ய ஏலாது. தாயோ தகப்பனோ ஒருவர் வேலையை விடவேண்டும், தங்கை விட்டாள், ஒரு சம்பளத்தில் வீடு ஓடுகிறது. கட்டுரையில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.