அப்பாவிடமிருந்து வந்தது மரபணு மட்டும்தானா?

என் அப்பா 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். அதனால், "குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்ததா?" என்று மருத்துவர்கள் கேட்கும்போதெல்லாம் ஆம் என்கிறேன், அவர்களும் அதைக் குறித்துக்கொண்டு, பரம்பரையாக வருவது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவுக் காவலராக இருந்ததையும், பகல் தூக்கத்தைப் பாதியில் விட்டெழுந்து இன்னொரு வேலைக்குப் போனதையும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மரபின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்வீடனில் 21,004 இரட்டையரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளியானது. ஆண்களில், இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்குள் இதய நோயால் இறந்திருந்தால், மற்றவரும் அதே நோயால் இறக்கும் அபாயம், இரட்டையர் அப்படி இறக்காதவர்களோடு ஒப்பிட்டால், மரபணுக்கள் ஒன்றேயான ஒருகரு இரட்டையரிடம் சுமார் 8 மடங்காகவும், மற்ற உடன்பிறந்தோர் அளவுக்கே மரபணுக்களைப் பகிரும் இருகரு இரட்டையரிடம் சுமார் 4 மடங்காகவும் இருந்தது. வயது ஏற ஏற மரபின் இந்தப் பிடி தளர்ந்ததையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாம் தலையெழுத்து என்று வாதிடுபவர்கள் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மறுபுறம், லண்டனில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இருக்கிறது. அதில் பங்கேற்றவர்கள் அனைவரும் அரசு ஊழியர்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். ஆயினும் வாயிற்காவலர், கடிதம் கொண்டுசெல்பவர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளுடையதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. நோய்ப்பரவல் ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழுவினர் 1985இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க இயலாத நிலையும் இதயத்தைத் தாக்குகிறது என்று கண்டது.

மரபு, வாழ்நிலை ஆகிய இவ்விரண்டையும் தனித்தனித் தட்டுகளில் வைத்து எது கனம் என்று பார்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பரம்பரை மிகைக் கொழுப்பு நோயை எடுத்துக்கொள்வோம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்நோயில், கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் கல்லீரல் ஏற்பிகள் போதிய அளவில் வேலை செய்வதில்லை. பிறந்த நாள் முதலே ரத்தக்குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்குகிறது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்து, தொட்டால் கட்டி போலத் தட்டுப்படும். செருப்பைக் கழற்றச் சொல்லி அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும் அளவுக்கு நேரமுள்ள மருத்துவர் யாருக்கு வாய்க்கிறார்? வாய்த்தவர் இளமையிலேயே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தொடங்கி நெடுங்காலம் வாழ்கிறார். வாய்க்காதவருக்கு முதல் மாரடைப்புதான் பரிசோதனை முடிவு. இருவரிடமும் இருப்பது ஒரே மரபணுப் பிழை.

இந்த நோய் இல்லாதவர்களிடமும், சிறுசிறு மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து அபாயத்தைக் கூட்டுகின்றன. அப்படி அபாயம் கூடியவர்களுக்கே ஸ்டேட்டினால் கூடுதல் பலன் கிடைப்பதாக, பழைய மருந்துச் சோதனைகளின் தரவுகளை மறுபடி அலசிய ஆய்வு 2015இல் தெரிவித்தது. அதாவது, மருந்து எட்டாத வறுமை எல்லோரையும் பாதித்தாலும், மரபால் ஏற்கெனவே பலவீனப்பட்டவரை அது இன்னும் ஆழமாகப் பாதிக்கிறது.

இதய அபாயத்தைக் கணிக்க நெடுங்காலம் பயன்பட்ட, அமெரிக்காவில் உருவான ஃபிராமிங்காம் கணக்கீட்டில் குடும்ப வரலாறும் இல்லை, வறுமையும் இல்லை. ஸ்காட்லாந்தில் உருவான அசைன் கணக்கீடு இரண்டையும் சேர்த்துக்கொண்டது. பெற்றோர், உடன்பிறந்தோரின் நோயையும் கேட்கிறது, வசிக்கும் பகுதி எவ்வளவு வறியது என்பதையும் பார்க்கிறது. அந்தக் கணக்கில் என் அப்பா இரண்டு இடங்களில் வருவார்: ஒருமுறை குடும்ப நோயாக, இன்னொரு முறை அவர் எங்களை விட்டுச்சென்ற தெருவாக.