ஸ்ப்ரீவெல்லை வாரியர்ஸ் வெளியேற்றியது ஒழுக்கத்துக்காகவா?

கூடைப்பந்து பார்க்கும் நண்பர்களிடம் லாட்ரெல் ஸ்ப்ரீவெல் பேரைச் சொன்னால், நாம் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "கோச் கழுத்தை நெரிச்ச ஆள்தானே? வாரியர்ஸ் தூக்கி எறிஞ்சது சரி." இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பர் 1, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சி. ஸ்ப்ரீவெல் அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரர். புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் பி.ஜே. கார்லெசிமோ கத்திக் கத்தி வேலை வாங்குகிற ரகம். ஸ்ப்ரீவெல் போடும் பாஸில் வேகமே இல்லை என்று அன்றைக்கும் சத்தம் போட்டார். இன்றைக்கு மனநிலை சரியில்லை, கிட்டே வராதே என்று ஸ்ப்ரீவெல் சொன்னார். கார்லெசிமோ வந்தார். ஸ்ப்ரீவெல் அவர் கழுத்தைப் பிடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். மற்றவர்கள் இழுத்துப் பிரிப்பதற்குப் பத்து விநாடி போல ஆனது. அதோடு முடியவில்லை. உள்ளே போனவர் இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் கார்லெசிமோ மீது பாய்ந்தார்.

முதல் தடவையை ஆத்திரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். திரும்பி வந்ததை அப்படிக் கடக்க என்னால் முடியவில்லை. அதனால் யாரும் நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டனை தேவைதான், கடுமையாகவே தேவை.

ஆனால் அடுத்த சில நாட்களில் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். சம்பவம் நடந்த உடனே வாரியர்ஸ் கொடுத்த தண்டனை, சம்பளமில்லாமல் பத்து ஆட்டம் சஸ்பெண்ட். அவர் வாங்கிய சம்பளத்தில் அது பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வரும். கவனியுங்கள், சம்பவம் நடந்தது அவர்களுடைய பயிற்சிக்கூடத்தில். பார்த்தவர்கள் அவர்களுடைய ஆட்கள். கழுத்தில் கீறலோடு நின்றவர் அவர்களுடைய பயிற்சியாளர். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் பத்து ஆட்டம் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அப்புறம் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. நாடு முழுக்க அதே பேச்சு. டிசம்பர் 3 அன்று வாரியர்ஸ் அவருடைய ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. நான்கு ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் அது. அதில் பாக்கி இருந்தது சுமார் 2 கோடியே 37 லட்சம். மறுநாள் என்பிஏ கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் தன் பங்குக்கு ஓராண்டுத் தடை விதித்தார். காலணி விளம்பரம் கொடுத்திருந்த கன்வர்ஸ் நிறுவனமும் கைவிட்டது.

இரண்டே நாளில் என்ன மாறியது? ஸ்ப்ரீவெல் செய்த காரியம் மாறவில்லை. மாறியது வெளியே கேட்ட சத்தம். பத்து லட்சம் டாலர் தண்டனை 2 கோடியே 37 லட்சம் டாலர் தண்டனையாக ஆனது அந்தச் சத்தத்தில்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வாரியர்ஸ் ஆடியிருந்தது 14 ஆட்டம், ஜெயித்தது ஒன்று. சீசன் தொடங்கி ஒரு மாதத்திலேயே கதை முடிந்துவிட்டது (கடைசியில் 19 வெற்றி, 63 தோல்வி). இப்படிப்பட்ட அணிக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் ஒரே கையெழுத்தில் கணக்குப் புத்தகத்தை விட்டுப் போவது எவ்வளவு பெரிய வசதி! அதற்காகத்தான் செய்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், இது என் ஊகம். ஆனால் அதே அணி அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தால் பத்து ஆட்டத்தோடு நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய கோபம் அணிக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1992இல், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து 24ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். இரண்டாவது சீசனிலேயே என்பிஏவின் அந்த ஆண்டுச் சிறந்த ஐந்து பேரில் இடம். 1994, 1995, 1997 என்று மூன்று முறை நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. நண்பர்கள் கிறிஸ் வெப்பரையும் பில்லி ஓவன்ஸையும் நிர்வாகம் டிரேட் செய்துவிட்டது, அதாவது வேறு அணிகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது என்ற கோபத்தில், அவர்களை நினைவூட்டும்படி காலணியில் எழுதிக்கொண்டு ஆடினார். 1995இல் பயிற்சியில் ஜெரோம் கெர்சியோடு சண்டை. அப்போதும் வெளியே போனவர் கையில் பலகையோடு திரும்பி வந்தார் என்று செய்தி வந்தது. திரும்பி வருவது அவருக்குப் பழக்கமாகவே இருந்திருக்கிறது! ஆனாலும் அணி அவரோடு பெரிய ஒப்பந்தம் போட்டது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஆட்டத்துக்கு இருபது புள்ளிக்கு மேல் எடுப்பவரை யார் விடுவார்கள்?

ஐந்தே வருடத்தில் டான் நெல்சன், பாப் லேனியர், ரிக் அடெல்மன், கார்லெசிமோ என்று நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்தவர் அவர். கார்லெசிமோவும் போர்ட்லாந்தில் இருந்தபோதே ஆட்டக்காரர்களோடு ஒத்துப்போகாதவர் என்று பேர் எடுத்துவிட்டுத்தான் வந்தார். நெருப்பையும் பஞ்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு அதில் பங்கே இல்லையா?

சரி, விஷயம் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் மூலம் மத்தியஸ்தரிடம் போனது. ஃபோர்டாம் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் டீன் ஜான் ஃபீரிக்தான் மத்தியஸ்தர். 1998 மார்ச் 4 அன்று நூறு பக்கத்தைத் தாண்டிய தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்தது செல்லாது. தடை ஓராண்டு இல்லை, அந்த சீசனில் மிச்சமிருந்த 68 ஆட்டத்தோடு முடிகிறது. அணி ஒரு பக்கம், லீக் ஒரு பக்கம் என்று ஒரே குற்றத்துக்கு இரண்டு பேரும் அடித்த அடி சேர்ந்து அளவு மீறிவிட்டது என்பதுதான் சாரம். வன்முறைக்கு இவ்வளவு நீண்ட தடை அதுவரை யாருக்கும் விதிக்கப்பட்டதில்லை, திட்டமிட்டுச் செய்ததாகவும் தெரியவில்லை என்றார் ஃபீரிக். அப்படியும் ஸ்ப்ரீவெல் இழந்த சம்பளம் சுமார் 64 லட்சம் டாலர். இதைப் போய் 'தப்பித்துவிட்டார்' என்று சொல்பவர்களை எனக்குப் புரியவே இல்லை.

ஸ்டெர்னுக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லை. முதலாளியை அடித்துவிட்டு எங்கேயும் வேலையில் இருக்க முடியாது, என்பிஏவில் ஆடி ஃபீரிக்கிடம் போனால் மட்டும் இருக்கலாம் என்கிற பொருளில் நக்கலாகப் பேசினார். இன்றைக்கும் இந்த விவாதத்தில் முதலில் வந்து விழுவது அதே வாதம்தான்: "நீ உன் மேனேஜர் கழுத்தை நெரிச்சா உன் வேலை இருக்குமா?"

இருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மேனேஜர் என்னை வேலையை விட்டு எடுத்தால், நான் அடுத்த மாதம் எதிர்த் தெருக் கம்பெனியில் சேர்ந்துகொள்ளலாம். ஸ்ப்ரீவெல்லுக்கு அந்த வழி கிடையாது. ஓர் அணி ஒப்பந்தத்தை ரத்து செய்கிறது, கூடவே லீக் தடை விதிக்கிறது என்றால் மொத்த என்பிஏவும் ஓராண்டுக்குக் கதவைச் சாத்துகிறது என்று அர்த்தம். சாதாரண வேலைக்காரனோடு ஒப்பிடுபவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அதுவும் போக, சாதாரண வேலைக்காரனுக்கே வேலைநீக்கத்தின் மேல் ஒரு கேள்வி கேட்கும் இடம் உண்டு. நம் ஊர்த் தொழிற்சங்கக்காரர்களுக்கு இது மனப்பாடம். 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தில் 11ஏ பிரிவைச் சேர்த்ததே அதற்குத்தான்: தொழிலாளி தப்பு செய்திருந்தாலும், வேலைநீக்கம் அந்தத் தப்புக்கு அதிகம் என்று தீர்ப்பாயம் நினைத்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்றது அது. ஃபீரிக் செய்ததும் ஏறக்குறைய அதுதான். கோடீஸ்வர ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும்போது மட்டும் அது ஏன் அநியாயமாகத் தெரிகிறது?

அளவு பற்றி இன்னொரு கணக்கு. 1977 டிசம்பர் 9 அன்று லேக்கர்ஸ் அணியின் கெர்மிட் வாஷிங்டன், ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ரூடி டொம்ஜனோவிச்சை முகத்தில் ஒரு குத்து விட்டார். முக எலும்புகள் நொறுங்கின. டொம்ஜனோவிச் பிழைத்ததே பெரிய விஷயம். வாஷிங்டனுக்குக் கிடைத்த தடை 60 நாள், 26 ஆட்டம். சில வாரங்களில் லேக்கர்ஸ் அவரைப் பாஸ்டனுக்கு டிரேட் செய்துவிட்டு நகர்ந்தது. எதிரணிக்காரனை ஆட்டத்தின் நடுவில் அடிப்பதும் சொந்தப் பயிற்சியாளரை நெரிப்பதும் ஒன்றல்ல என்பீர்கள். சரி, ஒன்றல்ல. ஆனால் உயிருக்குப் போராட வைத்த குத்துக்கு 26 ஆட்டம், இதற்கு முதலில் விதித்த ஓராண்டுத் தடையின் 82 ஆட்டமும் 2 கோடியே 37 லட்சம் டாலரும் என்றால் தராசில் எங்கோ கோளாறு இருக்கிறது. முதலாளி தரப்பு ஆள் மேல் கை வைத்ததுதான் உண்மையான குற்றமோ என்று எனக்குத் தோன்றும்.

தீர்ப்பால் ஒப்பந்தம் உயிரோடு திரும்பி வந்ததும் வாரியர்ஸ் என்ன செய்தது? 1999 ஜனவரியில் அவரை நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுத்து ஜான் ஸ்டார்க்ஸ், கிறிஸ் மில்ஸ், டெர்ரி கம்மிங்ஸ் மூவரையும் வாங்கிக்கொண்டது. அதாவது, ஒரு வருடத்துக்கு முன்னால் அணியில் வைத்திருக்கவே தகுதியில்லாதவர் என்று சொன்ன ஆள், இப்போது மூன்று ஆட்டக்காரர்களுக்கு ஈடான சரக்கு. நிக்ஸின் பக்கமும் தயக்கம் ஒன்றும் இல்லை. பேட்ரிக் யூயிங்குக்கு வயதாகிக்கொண்டிருந்தது, புள்ளி எடுக்க ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த சீசனிலேயே, எட்டாவது இடத்தில் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குள் நுழைந்து இறுதிச் சுற்று வரை போன முதல் அணி என்ற பெருமை நிக்ஸுக்குக் கிடைத்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் 4-1 என்று தோற்றார்கள். கடைசி ஆட்டம் 78-77. அதில் ஸ்ப்ரீவெல் மட்டும் 35 புள்ளி. மேடிசன் ஸ்கொயர் கார்டன் முழுக்க அவர் பேரைக் கத்தியது. நியூயார்க்கில் 1997ஐப் பற்றி அன்றைக்கு யாருக்குக் கவலை?

வாரியர்ஸுக்கு 2007 வரை பிளேஆஃப் கிடையாது. கார்லெசிமோவை 1999 டிசம்பரில் வேலையை விட்டு எடுத்தார்கள். அவர் பிறகு ஸ்பர்ஸின் துணைப் பயிற்சியாளராகப் போய் மூன்று சாம்பியன் மோதிரம் வாங்கினார், அது தனிக்கதை.

மன்னிப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தாலும் இதே கணக்குதான். ரான் ஆர்டெஸ்ட் 2004இல் ஆபர்ன் ஹில்ஸில் ரசிகர்கள் கூட்டத்துக்குள் ஏறிப் போய் அடித்தவர். 86 ஆட்டம் தடை. இண்டியானா பேசர்ஸ் அந்தக் காலம் முழுக்க அவரை வைத்துக்கொண்டது. திரும்பி வந்த கொஞ்ச நாளில் அவரே டிரேட் கேட்ட பிறகுதான் 2006இல் சாக்ரமென்டோவுக்கு அனுப்பியது. 2010இல் லேக்கர்ஸோடு சாம்பியன் ஆனபோது தன் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார். எனக்கு ஆர்டெஸ்டைப் பிடித்ததே அந்த நிமிடத்தில்தான். ஆனால் அவர் நாட்டிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக இல்லாமல் இருந்திருந்தால், அந்த மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை எந்த அணி காத்திருக்கும்?

டெலான்டே வெஸ்ட்டுக்கு யாரும் காத்திருக்கவில்லை. தனக்கு இருமுனை மனநோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னவர். நல்ல ஆட்டக்காரர், ஆனால் நட்சத்திரம் இல்லை. டல்லாஸ் மேவரிக்ஸ் 2012 அக்டோபரில் அவரை அடுத்தடுத்து இரண்டு முறை சஸ்பெண்ட் செய்துவிட்டுக் கழற்றிவிட்டது. அதற்குப் பிறகு என்பிஏவில் அவர் ஆடவே இல்லை. 2020இல் டல்லாஸில் தெருவில் நின்றிருந்த அவரை ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துத் தன் காரில் ஏற்றி, சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டவர் மார்க் கியூபன். அவரைக் கழற்றிவிட்டபோது மேவரிக்ஸின் உரிமையாளர் அதே கியூபன்தான்.

கியூபனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் செய்தது பெரிய மனசு. ஆனால் தனிமனிதராக 2020இல் செய்ததை, அணியாக 2012இல் செய்ய ஓர் ஏற்பாடு இல்லை. 2019-20 சீசனிலிருந்துதான் ஒவ்வோர் அணியும் மனநல நிபுணரை வைத்திருக்க வேண்டும் என்று என்பிஏ விதி கொண்டுவந்தது. அதுவும் கெவின் லவ், டிமார் டிரோசன் போன்ற பெரிய பேர்கள் 2018இல் வாய் திறந்த பிறகு.

எந்த அணியும் யாரையும் கடைசி வரை சுமக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சில நேரம் பிரிவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது, ஸ்ப்ரீவெல்லும் வாரியர்ஸும் அப்படித்தான். ஆனால் பிரியும்போது வரும் அந்த அறிக்கைகளில் விழுமியம், கண்ணியம், ரசிகர்களின் நம்பிக்கை எல்லாம் எழுதுகிறார்களே, கூடவே ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்: இந்த முடிவால் எங்களுக்கு மிச்சமாகும் தொகை இவ்வளவு டாலர். அதைப் படித்துவிட்டு மீதி அறிக்கையைப் படிக்கிறேன்.