பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படிச்சவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை தண்டையார்பேட்டை வாசகர் சந்திப்பு பத்தி ஆளாளுக்கு எழுதிட்டீங்க. அன்னைக்குப் பேச்சு ஒரு சரித்திர நாவலைப் பத்தி. எந்த நாவல்னு நான் சொல்ல வேண்டியதில்ல, இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மைக்கைப் பிடிச்சு, பன்னிரண்டாம் அத்தியாயத்து நெருக்கமான காட்சியில இருந்து ரெண்டு பத்தியை உருவி, சினிமா வில்லன் மாதிரி இழுத்து இழுத்துப் படிச்சுக் காட்டின அண்ணன் யாருன்னும் தெரியும். கைதட்டினவங்க யாருன்னும் தெரியும். "கலீஜு, முழுக்கக் கலீஜு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு அவர் உக்காந்ததும், முன் வரிசைல இருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதும் பாத்தீங்க.

எனக்கு ஒரே கேள்விதான். அந்த ரெண்டு பத்திக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்கு? அண்ணனுக்குத் தெரியுமா?

நாவல் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, யார் வேணாம்னது? எனக்கே அதுல பிடிக்காதது நிறைய இருக்கு, கீழ வர்றேன். ஆனா படிச்சுட்டுச் சொல்லுங்க.

கதை நடக்கிறது 1719-ல. கிழக்கிந்தியக் கம்பெனியோட சென்னைக் கவர்னர் ஜோசப் காலெட் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவுக்காரங்களைக் குடியேத்தின காலெட்பேட்டை. இன்னைக்கு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிற அதே காலாடிப்பேட்டைதான். புருஷன் செத்துப்போன ஒரு நெசவுக்காரி. கம்பெனிக்குத் துணி பிடிச்சுக் கொடுக்கிற வியாபாரிகிட்டக் கணக்கெழுதுற ஒருத்தன். பன்னிரண்டாம் அத்தியாயத்துல அவ தெருவுல பாவு, அதாவது துணியோட நீளவாட்டு இழை, விரிச்சுக் கஞ்சி போட்டுட்டு இருக்கா. மழை பிடிச்சுக்குது.

பாவுக்குக் கஞ்சி போடுறது விடியக்காலை வேலை. இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தூரிகையால மேலயும் அடியிலயும் ஒரே திசைல தடவிக்கிட்டே போகணும். எதிர்ப்பக்கமாத் தடவினா பிசிர் எழும்பிடும், அப்புறம் தறியில ஏறினா அந்த இடத்துலதான் அறுந்து அறுந்து விழும். காயறதுக்கு முன்னாடி மழை விழுந்தா தொலைஞ்சது. கஞ்சி கரைஞ்சு வழியும், இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஈரத்தோட சுருட்டி வச்சாப் புளிச்சு நாறும். அப்படியே அள்ளி உள்ள கொண்டுபோய், திரும்ப விரிச்சு, இழை இழையா விரலாலயே பிரிக்கணும். ஒத்தை ஆளால ஆகாது, ரெண்டு முனையிலயும் ஆள் வேணும்.

கணக்கன் ஒரு முனை, அவ ஒரு முனை. நடுவுல ஒரு விளக்கு. பிரிச்சுக்கிட்டே வர வர ரெண்டு பேரும் கிட்ட வர்றாங்க. எட்டுப் பக்கம். எட்டுப் பக்கமும் நூலு, விரலு, மழைச்சத்தம், "அந்த இழையை விடாத"ன்னு அவ அதட்டுறது, இவ்வளவுதான். யாரும் யாரையும் தொடல. கடைசியில "கதவைச் சாத்து"ன்னு சொல்றது அவ. அண்ணன் மைக்ல ஆரம்பிச்சது அதுக்கு அடுத்த பக்கத்துல!

பின்னாடி என்ன இருக்குன்னும் சொல்லிடறேன். செத்துப்போன புருஷன் பேர்ல, அவன் வாங்கவே வாங்காத முன்பணம் ஏட்டுல ஏறியிருக்குன்னு கணக்கன் வாயைத் திறக்கிறது அன்னைக்கு ராத்திரிதான். பகல்ல சொல்ல மாட்டான், சொன்னா வேலை போயிடும். முன்பணம்னா சும்மா இல்ல. வாங்கினவன் நெய்யுற துணியை அந்த வியாபாரிக்குத்தான் கொடுக்கணும். தரம் போதலன்னு துணி திரும்பி வந்தா உழைப்பு வீண், கடன் மட்டும் அப்படியே நிக்கும். பதிமூணாம் அத்தியாயத்துல அவ அடுத்த முன்பணத்தை வாங்க மாட்டேன்னு தெருவே பாக்கச் சொல்றா. இருபதாம் அத்தியாயத்துல பேட்டையே தறியை நிறுத்துது. பன்னிரண்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் படிச்சா, இவளுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிஞ்சதுன்னு தலையும் புரியாது வாலும் புரியாது. கதையோட அச்சாணியே அந்த ராத்திரி. அதைத்தான் "ஒட்டவச்ச மசாலா"ன்னு சொல்றீங்க.

சரி, குறை. குறை சொல்லணும்னா இந்த நாவல்ல விஷயம் இல்லாம இல்ல. நான் அந்த நாவலுக்கு வக்கீல் இல்ல.

தறிக்குழியில காலை விட்டு உக்காந்துக்கிட்டு அவ "கயிற்றைச் சுண்டி இழுக்க நாடா பறந்தது"ன்னு ஆசிரியர் ரெண்டு மூணு இடத்துல எழுதியிருக்காரு. நாடான்னா குறுக்கு இழையைச் சுமந்துக்கிட்டுப் பாவுக்கு நடுவுல ஓடுற கட்டை. கயித்தை இழுத்து அந்த நாடாவை ஓட விடுற ஏற்பாட்டுக்கு ஜான் கே இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினதே 1733-ல. நம்ம ஊருத் தறிக்கு அது வந்து சேர்ந்தது ரொம்பப் பின்னாடி. 1719-ல நாடாவை ஒரு கையால எறிஞ்சு இன்னொரு கையால பிடிக்கணும். அதனாலதான் கை எட்டுற அகலத்துக்கு மேல ஒத்தை ஆளு துணி நெய்ய முடியாது. அந்தக் காலத்துத் தறியோட அடிப்படையே இது. அதை விட்டுட்டாரு.

இன்னும் இருக்கு. எண்ணூர்ல இருந்து கணக்கன் கால்வாய்ப் படகுல வர்றான். அந்தக் கால்வாயை வெட்டினதே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல! அவன் கடலோரமா நடந்து வரணும், இல்ல மாட்டு வண்டி. ஒரு இடத்துல தீக்குச்சி கிழிக்கிறாங்க, தீக்குச்சி 1826-க்கு அப்புறம் வந்த சாமான். "ஜார்ஜ் டவுன்"ங்கிற பேரு 1911-ல வச்சது. கதை நடக்குற காலத்துல கோட்டைக்கு வடக்க இருந்தது கறுப்பர் நகரம், இன்னைக்கு ஹைகோர்ட் நிக்கிற இடம். அதுக்கு வெளிய முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை. எல்லாத்தையும் விட மோசம், பத்தொன்பதாம் அத்தியாயத்துல அவ புடவையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பேசுறா. ரொம்ப அழகான காட்சி, நம்ம வீட்டு அக்காமாருங்க கண்ணாடி முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. ஆனா அந்த ஊக்கு 1849-ல கண்டுபிடிச்சது. கூலிக்கணக்கு மட்டும் சுத்தம். வராகன், பணம், காசுன்னு அந்தக் காலத்து நாணயம், ஒரு பணத்துக்கு 80 காசுன்னு எங்கயும் பிசகல.

இதுல நாடா விஷயத்தைக் கண்டுபிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அன்னைக்கு முன் வரிசைல இருந்து முதல்ல எழுந்து போனாங்களே, காலாடிப்பேட்டை அக்கா, அவங்க. அவங்க அம்மா வீட்ல குழித்தறி இருந்துச்சு. கஞ்சி எப்போ புளிக்கும், பாவு எங்க அறும்னு சின்ன வயசுல இருந்து பாத்தவங்க. நாவலைப் படிச்சு, பக்க எண் போட்டு, காலண்டர் தாளோட பின்பக்கத்துல பிழையெல்லாம் குறிச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க. பேசணும்னு பேரும் கொடுத்திருந்தாங்க. அண்ணன் பேசி முடிச்சதும் அந்தச் சீட்டை நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த ரெண்டு பத்தியைக் கேட்டு நீங்க சிரிச்சப்போ, இனிமே இந்த நாவலைப் பத்தி அவங்க என்ன பேசினாலும் "ஓ, இவங்களும் அதைப் படிச்சிருக்காங்க"ன்னுதான் நாலு பேரு பாப்பாங்கன்னு அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. நாவலைப் பத்தி அன்னைக்குக் கேட்க வேண்டிய உருப்படியான விமர்சனம் அந்த பர்ஸுக்குள்ள போயிடுச்சு. அண்ணனோட நடிப்பு மட்டும் வாட்ஸப் குரூப்ல ஓடிக்கிட்டு இருக்கு.

இப்போ வருவீங்க, "குழந்தைங்க கையில கிடைச்சா?"ன்னு. முதல் பக்கத்துலயே பதினெட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. உங்க வீட்டுப் பிள்ளை கையில இருக்கிற போனை முதல்ல பாருங்க, 412 பக்க நாவலைத் தேடிப் படிக்கிற பிள்ளையைப் பத்தி அப்புறம் கவலைப்படலாம்.

"விக்கிறதுக்காக எழுதினது." விக்காம இருக்கிறதுக்காக யாரு எழுதுறா? அடுத்தது.

"இலக்கியத் தரம் இல்ல." இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். நெருக்கமான அத்தியாயம் மொத்தம் மூணு. பன்னிரண்டு நிக்குது. பத்தொன்பது ஊக்கைத் தவிர நிக்குது. இருபத்தேழு நிக்கல. நெருக்கமான காட்சின்னா அதுக்குள்ள நுழையும்போது இருந்த நிலைமை வெளிய வரும்போது மாறியிருக்கணும். யாரோ ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், இல்ல ஒரு பயம் போயிருக்கணும், இல்ல புதுசா ஒண்ணு வந்திருக்கணும். இருபத்தேழுல ஒண்ணும் மாறல. கை வேலை செய்யாம உவமை வேலை செய்யுது. தீ, வெள்ளம், புயல், மறுபடியும் தீ. பன்னிரண்டுல நூலைப் பிடிச்சிருந்த விரல் இருபத்தேழுல எங்க இருக்குன்னே தெரியல. பாதியா வெட்டியிருந்தா யாருக்கும் நஷ்டமில்ல. இப்படிச் சொல்லுங்க, நான் கூட உக்காந்து கேக்குறேன். "கலீஜு"ங்கிறது விமர்சனமா?

"நெசவுக்காரச் சமூகத்தையே கேவலப்படுத்திட்டாங்க"ன்னு ஒருத்தர். விதவைக்கு ஆசை இருந்தா சமூகம் கேவலமாயிடுமா சார்? வாங்காத கடனை அவ தலையில கட்டின வியாபாரியால கேவலமாகலையா? உங்க பதிவுல அவனைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். இதே குரூப்ல "ஆன்ட்டி ஹீரோ" கதை எத்தனை ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். கன்னத்துல அறையுறான், கட்டாயத் தாலி கட்டுறான், ரூமுக்குள்ள பூட்டி வைக்கிறான், "அவளை ஆட்கொண்டான்"னு ஒரு வரியோட அத்தியாயம் முடியுது. மறுநாள் காலைல அவ அவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறா. அதுக்கெல்லாம் ஹார்ட்டின் பறக்குது. எந்த அண்ணனும் மைக் பிடிச்சுப் படிச்சுக் காட்டல. அந்தக் காலத்து வாரப் பத்திரிகைச் சரித்திரத் தொடர்ல இளவரசி குளத்துல இறங்கினா, மரத்துக்குப் பின்னாடி நின்னு பாக்குற வீரனோட கண்ணு வழியா ரெண்டு பக்கம் வர்ணனை வரும். படம் வேற போடுவாங்க. அதை பைண்டு பண்ணி வீட்டு அலமாரில வச்சிருக்காங்க, அது இலக்கிய ரசனை. இங்க அவ கண்ணு வழியா அவனைப் பாக்குறா. சட்டை இல்லாத ஈர முதுகு, கணக்கெழுதிக் காய்ச்சுப்போன விரல். உடனே கலீஜு. பிரச்சினை என்னன்னு நீங்களே சொல்லுங்க.

காமத்துப்பால் இல்லையா, அகநானூறு இல்லையான்னு நான் கேக்கப் போறதில்ல, அதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் சலிச்சுப் போச்சு. பக்கத்துல இருக்கிறதைச் சொல்றேன். தஞ்சாவூர் மராட்டிய அரசவைல இருந்த தேவதாசி முத்துப்பழனி பதினெட்டாம் நூற்றாண்டுல தெலுங்குல எழுதின ராதை-கண்ணன் காதல் காவியமான ராதிகா சாந்த்வனத்தை, பாடகி பெங்களூரு நாகரத்தினம்மா 1910-ல இதே சென்னையில அச்சுக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முந்தி வந்த பதிப்புல சில பாட்டையும், முத்துப்பழனி தன் பரம்பரையைச் சொல்ற முன்னுரையையும் தூக்கிட்டிருந்தாங்க. அதையெல்லாம் நாகரத்தினம்மா தேடிப் பிடிச்சுச் சேர்த்தாங்க. என்ன ஆச்சு? ஆபாசம்னு 1911-ல வெள்ளைக்காரன் தடை போட்டான். அதுக்கு முன்னாடியே தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கம் மாதிரி பெரிய சீர்திருத்தக்காரங்களே, எழுதினவளோட குலத்தைச் சொல்லித் திட்டியாச்சு. ஆம்பளைக் கவிஞருங்க இதே விஷயத்தை எழுதினா மட்டும் ஏன் உங்களுக்கு உறுத்தலன்னு நாகரத்தினம்மா கேட்டாங்க. தடை நீங்கினது 1947-ல, சென்னை மாகாண முதல்வரா டி. பிரகாசம் இருந்த காலத்துல. முப்பத்தாறு வருஷம். அந்த முப்பத்தாறு வருஷமும் தடைக்குக் கைதட்டினவங்கள்ல எத்தனை பேரு புத்தகத்தை முழுசாப் படிச்சிருப்பாங்க?

இவ்வளவு பொறுமையா எழுதிட்டு வந்தவனுக்குப் பொறுமை போனது எங்கன்னா, திங்கக்கிழமை ராத்திரி ஒருத்தர் போட்ட கமென்ட். "அந்த ஏரியாவுல இருந்து வேற என்ன வரும்?" எந்த ஏரியா சார்? கம்பெனி கப்பல்ல ஏறி லண்டன் போன துணியை நெய்த ஏரியாவா? அதை வெளுத்து மடிச்ச வண்ணாரப்பேட்டையா? சினிமாவுல கத்தியைத் தூக்கிக் காட்டினா "யதார்த்தம்"னு விருது கொடுக்கிறீங்க. இங்க ஒரு பொம்பளை மழை நாள்ல கதவைச் சாத்தச் சொன்னா மட்டும் ஏரியா ஞாபகத்துக்கு வருது. எங்க ஊர்ல ஆளு வெட்டுப்பட்டாத்தான் கதையா? யாரும் யாரையும் ஆசைப்படக் கூடாதா?

அக்காகிட்ட கேட்டு அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து, பிழைகளை ஆசிரியருக்கு அனுப்பியாச்சு. நாடாவும் கால்வாயும் ஊக்கும் அடுத்த பதிப்புல மாறும்னு பதில் வந்திருக்கு. இருபத்தேழாம் அத்தியாயத்தைக் குறைக்கிறதுக்கு மட்டும் அவருக்கு மனசு வரல, அது அவர் இஷ்டம்.

கமென்ட்டுக்கு வர்றவங்க பக்க எண்ணோட வாங்க. பக்க எண் இல்லாம "ஒட்டுமொத்தமா"ன்னு ஆரம்பிக்கிறவங்களுக்குப் பதில் கிடையாது. ஒத்தை வார்த்தைல "கலீஜு"ன்னு போடுறதை அழிச்சுடுவேன். அப்புறம் கருத்துச் சுதந்திரம்னு இன்பாக்ஸ்ல வந்து நிக்காதீங்க.