சீட்ட விடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல கிடைச்ச எம்பிபிஎஸ் சீட்ட விட்டுட்டு அடுத்த வருஷம் கவர்மெண்ட் சீட்டுக்கு நீட் திரும்ப எழுதலாமான்னு ஒரு கட்டுரைல ஒரு பொண்ணு கேட்டிருக்கு. என் தம்பியும் இப்படித்தான் விட்டான், ரெண்டாவது தடவ மார்க் ஏறுச்சு ஆனா ரேங்க் ஏறல, அந்த வருஷம் வீட்ல யாருமே சரியா தூங்கல. மார்க்க நம்பாதம்மா, 2024ல 17 பேர் 720க்கு 720, 2025ல முதல் ரேங்கே 686தான், ரேங்க்க மட்டும் பாரு. இந்த வருஷ ஸ்கோர் அடுத்த வருஷம் செல்லாது. ஆல் இந்தியா கோட்டா கவுன்சிலிங்ல முதல் ரவுண்டோட விலகுனா கட்டுன டெபாசிட் போகாது, கடைசியா மிச்ச சீட்ட நிரப்புற ஸ்ட்ரே ரவுண்ட்ல சீட் வாங்கிட்டு சேராம விட்டா அடுத்த நீட்டே எழுத விடமாட்டாங்க, அந்த விதிய முதல்ல படி. ஃபீஸுக்கு அப்பா நிலத்த விக்கணும்னா மட்டும் தாராளமா திரும்ப எழுது, கட்ட முடியும்னா போய் சேர்ந்துடும்மா.