அந்தப் பந்தைத் தொட முடியாம நின்ன பையனுக்காக

2025 ஏப்ரல்ல சான் ஆன்டோனியோவுல நடந்த காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல்ல ஹூஸ்டன் டீம் தோத்துச்சு. இன்னும் இங்க ஹூஸ்டன் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல வாரத்துக்கு ஒருத்தர் அந்தக் கடைசி 19 செகண்ட் வீடியோவைப் போட்டு "இவனுங்களுக்கு ராசியே இல்லப்பா", "ஃபைனல்னா கை நடுங்கும்"னு எழுதிட்டு இருக்காங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் நீளமா எழுதுறேன், பொறுமை இருக்கவங்க படிங்க.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: நான் சொல்றது யுனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டனோட ஆண்கள் பாஸ்கெட்பால் டீம், கூகர்ஸ். அமெரிக்காவுல காலேஜ் பாஸ்கெட்பால்னா அது நம்ம ஊர் இன்டர் காலேஜ் மேட்ச் மாதிரி கிடையாது. மார்ச் மாசம் 68 டீம் இறங்கும், ஒரு மேட்ச் தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான், கடைசி நாலு டீமை ஃபைனல் ஃபோர்னு சொல்லுவாங்க. அந்த நாலுக்குள்ள கூகர்ஸ் ஏழு தடவை போயிருக்காங்க. 1967, 68, 82, 83, 84, 2021, 2025. கோப்பை ஒண்ணு கூட இல்ல. இத்தனை தடவை போயும் ஜெயிக்காத டீம் வேற எதுவும் கிடையாது. அதனாலதான் "ராசி இல்ல"ங்கிற பேச்சு.

நான் இங்க எம்.எஸ் படிக்க வந்தது 2011ல. அப்போ மேட்ச் நடந்தது ஹாஃப்ஹெய்ன்ஸ் பெவிலியன்ல. ஸ்டூடன்ட் ஐடி காட்டினா ஃப்ரீ, ஏசி இருக்கும், அதுக்காகவே போவோம். எட்டாயிரத்து சொச்சம் பேர் உக்கார்ற இடம், எங்க வரிசையில நாங்க நாலு பேர் மட்டும் உக்காந்திருப்போம், கோர்ட்ல ஷூ கீச்சுனு உரசுற சத்தம் மேல வரைக்கும் கேட்கும். பக்கத்துல ஒரு வயசான வெள்ளைக்காரர் வருவார், தோள்ல சிவப்பு வெள்ளை புள்ளி போட்ட துண்டு. என்ன துண்டு அதுன்னு கேட்டப்பதான் எனக்கு இந்த டீமோட கதையே தெரிஞ்சது.

அது கய் லூயிஸ் துண்டு. 1945-46ல இங்க டீம் ஆரம்பிச்சப்போ அந்த முதல் டீம்ல ஆடினவர், அப்புறம் 1956ல இருந்து 86 வரைக்கும் முப்பது வருஷம் கோச். மேட்ச் நேரம் முழுக்க அந்த மாதிரி ஒரு புள்ளித் துண்டைக் கையில வச்சு முறுக்கிட்டே இருப்பாராம். டெக்ஸாஸ்ல கறுப்பினப் பசங்களை டீம்ல சேக்க மத்தவங்க தயங்கின காலத்துல, 1964ல எல்வின் ஹேஸ், டான் சேனி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தவர்.

அந்த எல்வின் ஹேஸ்தான் 1968 ஜனவரி 20 அன்னைக்கு ஹீரோ. ஆஸ்ட்ரோடோம்ங்கிற பேஸ்பால் மைதானத்துக்கு நடுவுல மரத்தளம் போட்டு யூசிஎல்ஏங்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் யுனிவர்சிட்டி டீமோட மேட்ச். 52,693 பேர். யூசிஎல்ஏ அதுக்கு முன்னாடி தொடர்ச்சியா 47 மேட்ச் தோக்காத டீம், பின்னாடி கரீம் அப்துல் ஜப்பார்னு பேர் மாத்திக்கிட்ட லூ அல்சிண்டர் அதுல ஆடினாரு, கண்ணுல அடிபட்டு வந்திருந்தாரு. ஹேஸ் 39 புள்ளி எடுத்தாரு. 69-69னு நிக்கும்போது 28 செகண்ட் மிச்சம், ரெண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக யாரும் தடுக்காம எறியக் கிடைக்கிற வாய்ப்பு), ரெண்டையும் போட்டாரு, 71-69. ராத்திரி எல்லாரும் டிவி பாக்குற நேரத்துல நாடு முழுக்கப் போன மேட்ச். காலேஜ் பாஸ்கெட்பால் இன்னைக்கு இவ்வளவு பெரிய வியாபாரமா இருக்குன்னா அதுக்கு விதை அன்னைக்கு ராத்திரி போட்டது. ரெண்டே மாசத்துல ஃபைனல் ஃபோர்ல அதே யூசிஎல்ஏ இவங்களை 101-69னு புரட்டி எடுத்துட்டாங்க. அது லாஸ் ஏஞ்சல்ஸ்ல, ஆஸ்ட்ரோடோமுக்கு மரத்தளம் எந்த ஸ்டேடியத்துல இருந்து வந்துச்சோ அதே ஸ்டேடியத்துல.

அப்புறம் 82, 83, 84. நைஜீரியாவுல லாகோஸ்ல இருந்து வந்த ஒலாஜுவான், ஹூஸ்டன் பையன் கிளைடு டிரெக்ஸ்லர், இன்னும் மைக்கேல் யங், லாரி மிஷோ. ஃபை ஸ்லாமா ஜாமான்னு பத்திரிகைக்காரர் ஒருத்தர் பேர் வச்சாரு, டங்க், அதாவது எகிறிக் குதிச்சு ரிங்குக்குள்ள பந்தைக் கையாலயே அமுக்குறது, அதுதான் அவங்க தொழில். 83 ஃபைனலுக்கு 26 மேட்ச் தொடர்ச்சியா ஜெயிச்சுட்டு வந்தாங்க, எதிர்ல நார்த் கரோலைனா ஸ்டேட், பத்து மேட்ச் தோத்த டீம். யாரும் அவங்களுக்கு வாய்ப்பே தரல. ரெண்டாவது பாதியில முன்னாடி இருந்தப்போ லூயிஸ் ஆட்டத்தை மெதுவாக்கச் சொன்னாரு, ஓடி ஓடி ஆடுற டீமை நிக்க வச்சா என்ன ஆகும். ஃப்ரீ த்ரோ 19ல 10தான் உள்ள போச்சு. 52-52, கடைசி செகண்ட், தூரத்துல இருந்து ஒருத்தன் எறிஞ்ச பந்து ரிங்குக்கே எட்டல, குறைஞ்சு விழுந்துச்சு, லோரன்சோ சார்ல்ஸ் அதைக் காத்துலயே புடிச்சு உள்ள அமுக்கிட்டாரு. 54-52. ஒலாஜுவான் அந்த மேட்ச்ல 20 புள்ளி, 18 ரீபவுண்ட் (தெறிச்ச பந்தைப் புடிக்கிறது), தோத்த டீம்ல இருந்தும் தொடரோட சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். துண்டுக்காரர் இதைச் சொல்லும்போது முப்பது வருஷம் ஆகப் போகுது, "ஃப்ரீ த்ரோ, ஃப்ரீ த்ரோ"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு அப்படியே கோர்ட்டைப் பாத்துட்டு உக்காந்துட்டாரு, நான் மேல எதுவும் கேக்கல.

84 ஃபைனல்ல ஜார்ஜ்டவுன் கிட்ட 84-75. அதுக்கப்புறம் 2018 வரைக்கும், முப்பத்து நாலு வருஷம், மார்ச் தொடர்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. டிரெக்ஸ்லரே வந்து ரெண்டு வருஷம் கோச்சா இருந்து பாத்தாரு, 19 வெற்றி, 39 தோல்வி. நான் படிச்சப்போ பாத்தது இந்த இருட்டோட கடைசிப் பகுதி.

2014ல கெல்வின் சாம்ப்சன் வந்தாரு. லம்பிங்கிற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், நார்த் கரோலைனா பெம்ப்ரோக் ஊரு, அப்பாவும் ஸ்கூல் கோச். இவர் இந்தியானாவுல இருந்தப்போ பசங்களைச் சேர்க்குறதுக்காக விதியை மீறி போன் பண்ணினார்னு அஞ்சு வருஷத் தண்டனை வாங்கினவர், காலேஜ் பக்கமே வர முடியாம என்பிஏ டீம்கள்ல உதவி கோச்சா இருந்தாரு. அது தப்பு, இல்லைன்னு சொல்லல. ஆனா யாரும் சீண்டாத ஒரு டீமும் யாரும் கூப்பிடாத ஒரு கோச்சும் சேர்ந்த கதை இது. முதல் வருஷம் 13 ஜெயிச்சு 19 தோத்தாங்க. அடுத்து 22, 21, 27, 33ன்னு வெற்றி. ஹாஃப்ஹெய்ன்ஸை இடிச்சு கட்டும்போது ஒரு சீசன் முழுக்க டெக்ஸாஸ் சதர்ன் யுனிவர்சிட்டி ஜிம்ல போய் ஆடினாங்க, 2018 டிசம்பர்ல ஃபெர்டிட்டா சென்டரா திறந்தாங்க.

இவர் டீமோட பிராக்டிஸ் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ரிங்கு மேல பிளாஸ்டிக்ல குமிழ் மாதிரி ஒரு மூடியை மாட்டிடுவாங்க. என்ன போட்டாலும் பந்து உள்ள போகாது, பட்டுத் தெறிக்கும். போடுறதுல மார்க் இல்ல, தெறிச்ச பந்தை யார் புடுங்குறதுங்கிறதுதான் மொத்தப் பயிற்சியும். இன்னொண்ணு, தரையில பந்தை உருட்டி விடுவாங்க, பசங்க ஓடி வந்து நெஞ்சு தரையில பட விழுந்து அதைக் கவ்வணும், யாரா இருந்தாலும், ஸ்டார் பிளேயரா இருந்தாலும். முழங்கை, முட்டியெல்லாம் தோல் உரிஞ்சுதான் இருக்கும். அதனாலதான் எதிர் டீமால இவங்க மேல சராசரியா அறுபது புள்ளி கூட எடுக்க முடியல. மத்த பெரிய யுனிவர்சிட்டிங்க பேர் எடுத்த பசங்களைத் தேடிப் பிடிக்கும்போது இங்க ஒரு பையன் ஆறு வருஷம் இருந்து வளர்றான், ஜேவான் ராபர்ட்ஸ் அப்படித்தான், 2021 ஃபைனல் ஃபோர் டீம்லயும் இருந்தான், 2025லயும் இருந்தான்.

2024-25 சீசன் தொடங்கினதே சரியில்ல. முதல் ஏழு மேட்ச்ல மூணு தோல்வி, ஆபர்ன், அலபாமா, சான் டியாகோ ஸ்டேட், அதுல ரெண்டு ஓவர்டைம்ல, அதாவது சமமா முடிஞ்சு கூடுதல் நேரத்துல. அப்பவே குரூப்ல "முடிஞ்சுது"ன்னு போட்டாங்க. அதுக்கப்புறம் ஃபைனல் வரைக்கும் தோத்தது ஒரே ஒரு மேட்ச், டெக்ஸாஸ் டெக் கிட்ட, அதுவும் ஓவர்டைம், ஒரு புள்ளியில. அவங்க ஆடுற பிக் 12 லீக்ல 19 வெற்றி, 1 தோல்வி. கான்சாஸ் போய் அவங்க கோட்டையில முதல் ஓவர்டைம் முடியப் போற நேரத்துல ஆறு புள்ளி பின்னாடி இருந்து ரெண்டாவது ஓவர்டைமுக்கு இழுத்து ஜெயிச்சாங்க. மார்ச் தொடர்ல கொன்ஸாகாவை ஜெயிச்சாங்க, அடுத்து பர்டூ. பர்டூவை அவங்க மாநிலத்துலயே 0.9 செகண்ட் இருக்கும்போது நம்ம உஸான் ரிங்கு பக்கத்துல போய் போட்ட லேஅப்ல ஜெயிச்சாங்க. டென்னசியை முதல் பாதியில 15 புள்ளியில நிறுத்தினாங்க, பாதி ஆட்டத்துக்கு 15!

டியூக் கூட நடந்த ஃபைனல் ஃபோர் மேட்ச்தான் எனக்கு மறக்காது. ஒரு கட்டத்துல 14 புள்ளி பின்னாடி. 35 செகண்ட் இருக்கும்போது ஆறு புள்ளி. பியர்லாண்ட்ல நண்பர் வீட்ல பாத்துட்டு இருந்தோம், ரெண்டு பேர் எழுந்து ஷூ மாட்டிட்டாங்க. இமானுவேல் ஷார்ப் தூரத்துல இருந்து ஒரு மூணு புள்ளி ஷாட் போட்டான், 67-64. டியூக் உள்ள எறிஞ்ச பந்தைப் புடுங்கிட்டாங்க, அடிச்சது தெறிச்சது, டக்ளர் அந்தத் தெறிச்ச பந்தை எடுத்து டங்க். குமிழ் போட்டுப் பழகின பழக்கம் அது. அப்புறம் ராபர்ட்ஸுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோல பெரிய கில்லாடி கிடையாது அவன். எனக்கு அந்தத் துண்டுக்காரர் முகம் மட்டும்தான் கண்ணுல நிக்குது. முதல்து உள்ள. ரெண்டாவதும் உள்ள. 68-67. அப்புறம் நாட்டுலயே பெஸ்ட் பிளேயர்னு சொன்ன கூப்பர் ஃபிளாக் எறிஞ்சப்போ மூஞ்சிக்கு நேரா கையை நீட்டி நின்னதும் அதே ராபர்ட்ஸ்தான், பந்து உள்ள போகல. 70-67னு ஜெயிச்சாச்சு. ஷூ மாட்டின ரெண்டு பேரும் அதோடயே சோஃபாவுல ஏறி நின்னுட்டாங்க.

ஃபைனல்ல ஃப்ளோரிடாவை 12 புள்ளி பின்னுக்குத் தள்ளி வச்சிருந்தாங்க. அவங்க ஸ்டார் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில ஒரு புள்ளி கூட எடுக்கல. கிட்டத்தட்ட ஆட்டம் பூரா ஹூஸ்டன்தான் முன்னாடி, கடைசி நிமிஷத்துல நழுவிப் போச்சு. 65-63. கடைசி வாய்ப்பு, ஷார்ப் மூணு போட குதிக்கிறான், கிளேட்டன் பாய்ஞ்சு வரான், அடிச்சா தடுத்துடுவான்னு காத்துல இருக்கும்போதே தெரிஞ்சு பந்தை விட்டுட்டான். பந்து அவன் காலடியில துள்ளுது. இங்க விதி என்னன்னா, எறியக் குதிச்சவன் தானே விட்ட பந்தைத் தானே முதல்ல தொட்டா டிராவல்ங்கிற தப்பு, பந்து எதிர் டீமுக்கு. அதனால அவன் குனிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, பந்துக்கு மேலயே நிக்கிறான், தொடாம. நம்ம ஆளு யாராவது வரணும். ஃப்ளோரிடாவோட காண்டன் விழுந்து எடுத்துட்டான். நேரம் முடிஞ்சது.

அந்த வீடியோவைப் போட்டு "பந்து காலடியில கிடக்குது, எடுக்கத் தெரியல"ன்னு எழுதினீங்க பாருங்க, அது தெரியாம இல்லங்க, தெரிஞ்சதாலதான் எடுக்கல. உருண்ட பந்துன்னா நெஞ்சால விழுந்து கவ்வணும்னு வருஷக்கணக்கா உடம்புல ஏத்தின பையன், அந்த ஒரு செகண்ட்ல விதியை ஞாபகம் வச்சு கையை அடக்கிக்கிட்டு நின்னிருக்கான். அது எவ்வளவு கஷ்டம்னு நினைச்சுப் பாருங்க. தப்பு இருக்கு, அதுக்கு முந்தின தடவையும் பந்தை விட்டாங்க, கடைசி ரெண்டு வாய்ப்புல ஒரு ஷாட் கூட எறியல, அதை நானும் மன்னிக்கல. ஆனா டியூக் மேட்ச்ல அவன் அந்த மூணு போடலன்னா ஃபைனலே இல்ல. ராசின்னு ஒரு வார்த்தையில 83ஐயும் 2025ஐயும் ஒண்ணா கட்டிப் போடாதீங்க. 83ல உலகமே ஜெயிப்பாங்கன்னு சொன்ன டீம் தோத்தது, இது ஆள் வராத ஸ்டேடியத்துல இருந்து பதினோரு வருஷத்துல எழுந்து வந்த டீம்.

2025-26 சீசனுக்கு ஷார்ப் திரும்ப வந்தான், உஸானும் வந்தான், டக்ளரும் வந்தான். ராபர்ட்ஸ் படிப்பு முடிஞ்சது, அவன் இல்லாம எப்படின்னு இன்னும் மனசுக்கு ஏறல. நவம்பர்ல முதல் ஹோம் மேட்ச்க்கு பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன், அவளுக்கு எட்டு வயசு, ஷார்ப் பேர் போட்ட சட்டைதான் வேணும்னு சொல்லியிருக்கா, குரூப்ல யாராவது வரதுன்னா சொல்லுங்க, சேர்ந்தே டிக்கெட் போடலாம்.